புது மொழி செய்யலாம், கவா!

"கவா, கபோகலாம்!"

என்ன குழந்தைகளே, விழிக்கிறீர்களா? இல்லை, "அட, இது எங்கள் தெருவிலும் உண்டே!" என்று சிரிக்கிறீர்களா?

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இதுதான் 'க' மொழி. சொல்லை உடைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் ஒரு 'க' சேர்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். 'வா, போலாம்' என்பது 'கவா, கபோகலாம்' ஆகிவிடும். 'தண்ணி வேணும்' என்பது 'கதண்கணி கவேகணும்' ஆகிவிடும். மெதுவாகச் சொன்னால் யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். கடகடவென்று சொன்னால் பக்கத்தில் நிற்கும் அப்பாவுக்குக்கூடப் புரியாது!

இதை எந்தப் பள்ளியிலும் சொல்லித் தருவதில்லை. எந்தப் புத்தகத்திலும் பாடமாக வருவதில்லை. அக்காவிடமிருந்து தம்பிக்கு, தம்பியிடமிருந்து பக்கத்து வீட்டுப் பையனுக்கு என்று தானாகவே பரவுகிறது.

நானும் சின்ன வயதில் இதில் கில்லாடிதான். ஆனால் இந்த 'க' மொழியால் ஒருநாள் ஒரு பையனை அழ வைத்துவிட்டோம். அதே பையனோடு சேர்ந்து பிறகு ஒரு புது மொழியையே செய்தோம். அந்தக் கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன். கதையோடு சேர்த்து, நீங்களே ஒரு மொழி செய்வது எப்படி என்றும் சொல்கிறேன்.

பல மொழி பேசும் ஊர்

நான் வளர்ந்தது நெய்வேலியில். கடலூர் மாவட்டத்தில் இருக்கிறது. பழுப்பு நிலக்கரியை வெட்டி எடுத்து மின்சாரம் தயாரிப்பதற்காகவே உருவான நகரம். 1956-ல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது. 2016 முதல் அதற்கு 'என்.எல்.சி. இந்தியா' என்று பெயர்.

நெய்வேலி நகரியத்தில் வீடுகள் இருக்கும் பகுதிகளுக்கு 'வட்டம்' என்று பெயர். ஒவ்வொரு வட்டத்துக்கும் ஓர் எண். நேர் நேரான தெருக்கள், இரண்டு பக்கமும் மரங்கள். எங்கள் வீட்டில் தமிழ். பக்கத்து வீட்டில் மலையாளம். எதிர் வீட்டில் தெலுங்கு. சுரங்க வேலைக்கும் மின் நிலைய வேலைக்கும் எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். மண்ணைத் தோண்டும் ராட்சத இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தவை. முதல் அனல் மின் நிலையம் சோவியத் நாட்டின் உதவியோடு கட்டப்பட்டது. ஆகவே, ஒருவர் பேசுவது இன்னொருவருக்குப் புரியாமல் கை ஜாடை காட்டுவதெல்லாம் எங்கள் ஊருக்குப் பழகிப்போன விஷயம்!

அம்மாவிடம் கேட்ட தண்ணீர்

1980-களில் ஒரு கோடை விடுமுறை. எங்கள் தெருவுக்குப் புதிதாக ஒரு பையன் வந்தான். அவனுடைய அப்பா வடக்கே இருந்து வேலைக்கு வந்திருந்தார். வீட்டில் இந்திதான் பேசுவார்கள். அவனுக்குத் தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாது.

ஆனாலும் தினமும் சாயந்திரம் பூங்காவுக்கு வருவான். நாங்கள் பேசுவதை ஓரமாக நின்று கேட்டுக்கொண்டே இருப்பான். நாங்களோ விடுமுறை முழுக்க 'க' மொழியில்தான் பேசிக்கொண்டிருந்தோம். பாவம், அதுதான் தமிழ் என்று அவன் நினைத்துக்கொண்டான்!

ஒருநாள் நல்ல வெயில். எல்லோரும் விளையாடிவிட்டு எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து விழுந்தோம். அம்மா வெளியே வந்தார். அந்தப் பையன் எழுந்து நின்றான். ரொம்பப் பணிவாக, ஒவ்வோர் எழுத்தாக யோசித்து, அம்மாவைப் பார்த்துச் சொன்னான்:

"கதண்கணி... கவேகணும்."

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டோம். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. தப்பாக எதையோ சொல்லிவிட்டோம் என்பது மட்டும் புரிந்தது. கண் கலங்கிவிட்டது. தண்ணீர் குடிக்காமலேயே போய்விட்டான்.

அம்மா சிரிக்கவில்லை. "அந்தப் பிள்ளைக்குத் தாகம்டா. தண்ணிதானே கேட்டான்?" என்றார். அவ்வளவுதான். எங்கள் சிரிப்பு நின்றுவிட்டது.

ஒரு வாரம் அவன் பூங்காவுக்கு வரவில்லை.

பெரியவர்களின் ரகசியச் சொற்கள்

கதையை இங்கே கொஞ்சம் நிறுத்தி, ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். அடுத்தவருக்குப் புரியக் கூடாது என்று பேசுவது குழந்தைகள் மட்டும் செய்யும் வேலை இல்லை. தமிழ் இலக்கணத்திலேயே இதற்கு ஒரு பெயர் உண்டு. 'குழூஉக்குறி' என்று படித்திருப்பீர்களே! ஒரு குழுவில் இருப்பவர்கள் தங்களுக்குள் மட்டும் புரியும்படி ஒரு பொருளுக்கு வேறு பெயர் வைத்துப் பேசுவது. சுமார் 800 ஆண்டுகளுக்கு முன் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல் இதைச் சொல்கிறது. பொற்கொல்லர்கள் பொன்னைப் 'பறி' என்பார்களாம். யானைப் பாகர்கள் ஆடையைக் 'காரை' என்பார்களாம்.

எங்கள் ஊர்ச் சுரங்கத்திலும் வெளியாட்களுக்குப் புரியாத பேச்சு உண்டு. "பி.டபிள்யூ.இ. நின்னுடுச்சு" என்பார்கள். சக்கரத்தில் வாளிகளைக் கோத்தது போல இருக்கும், மண் வெட்டும் ராட்சத இயந்திரத்துக்குத்தான் இந்தச் சுருக்கப் பெயர். அது வெட்டும் மண்ணைக் கன்வேயர் பெல்ட் கொண்டுபோகும். நிலக்கரி எடுத்து முடித்த பள்ளத்தில் அந்த மண்ணைக் கொட்டும் இயந்திரத்துக்கு 'ஸ்பிரெடர்' என்று பெயர். இதில் ரகசியம் எதுவும் இல்லை. வேலை சட்டென்று நடக்க வேண்டும், அதற்காக வந்த சொற்கள் இவை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 'க' மொழியோ, குழூஉக்குறியோ, தனி மொழி ஆகாது. 'க' மொழி என்பது முகமூடி போட்டுக்கொண்ட தமிழ்தான். 'க'வைக் கழற்றினால் உள்ளே தமிழ் இருக்கும். குழூஉக்குறியில் ஒன்றிரண்டு சொற்கள் மாறும், வாக்கியம் தமிழாகவே இருக்கும். புது மொழி என்றால் அதற்குச் சொந்தமாகச் சொற்கள் வேண்டும். அந்தச் சொற்களைச் சேர்ப்பதற்குச் சொந்தமாக விதிகளும் வேண்டும்.

சரி, கதைக்கு வருவோம்.

முறுக்கில் பிறந்த மொழி

அம்மா ஒரு தூக்கில் முறுக்கு போட்டுக் கொடுத்து, "போய்க் கூட்டிட்டு வா" என்று என்னை அனுப்பினார். போனேன். அவன் கதவுக்குப் பின்னால் நின்றான். என்ன பேசுவது? எனக்கு இந்தி தெரியாது. அவனுக்குத் தமிழ் தெரியாது. முறுக்கை நீட்டினேன். கடித்தான். நானும் ஒன்றைக் கடித்துவிட்டு, "மொறுமொறு" என்றேன்.

அவன் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. "குர்குரா!" என்றான்.

மொறுமொறுப்பாக இருப்பதை இந்தியில் 'குர்குரா' என்பார்கள். இரண்டு மொழியும் வேறு. ஆனால் இரண்டும் அந்தச் சத்தத்தைத்தான் பிடிக்கப் பார்க்கின்றன! அன்றைக்குச் சாயந்திரமே ஒரு பழைய நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டோம்.

சலசல, கலகல, படபட, மடமட என்றெல்லாம் தமிழில் நிறைய இருக்கின்றன அல்லவா? இவற்றுக்கு இரட்டைக்கிளவி என்று பெயர். "இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் தராது" என்று இலக்கணத்தில் படித்திருப்பீர்கள். எங்களுக்கும் அது தெரியும். பிரித்தால் பொருள் இல்லை என்றால், அந்தப் பாதிச் சொல் யாருக்கும் சொந்தமில்லை என்றுதானே அர்த்தம்? நாங்கள் எடுத்துக்கொண்டோம்!

சலசல என்று ஓடுவது தண்ணீர். ஆகவே 'சல' என்றால் தண்ணீர். மடமடவென்று குடிப்போம். ஆகவே 'மட' என்றால் குடி. படபடவென்று சிறகடிப்பது பறவை. ஆகவே 'பட' என்றால் பறவை.

அவனும் தன் பங்குக்குச் சொற்கள் தந்தான். இந்தியில் கதவு தட்டும் சத்தம் 'கட்கட்'. ஆகவே 'கட்' என்றால் கதவு. நட்சத்திரம் மின்னுவதை 'ஜில்மில்' என்பார்கள். 'ஜில்' என்று வைக்கலாம் என்றான் அவன். "ஐயையோ, ஜில் என்றால் ஐஸ் ஞாபகம்தான் வரும்" என்று நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு நடுங்கிக் காட்டினோம். கடைசியில் 'மில்' என்று முடிவாயிற்று.

எங்கள் நோட்டிலிருந்து சில சொற்கள் இதோ:

இமி – நான்
அமி – நீ
சல – தண்ணீர்
மட – குடி
மொறு – முறுக்கு
கம – பூ
பட – பறவை
தட – ரயில்
கல – சிரி
விறு – நட
கட் – கதவு
மில் – நட்சத்திரம்

விதிகள் நான்கே நான்கு:

1. பன்மைக்கு, சொல்லை இரண்டு முறை சொல்ல வேண்டும். பட – பறவை. படபட – பறவைகள். (மலாய் மொழியிலும் இப்படித்தான். 'ஓராங்' என்றால் ஆள், 'ஓராங்-ஓராங்' என்றால் ஆட்கள். இது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது!)

2. நடந்து முடிந்தது என்றால் கடைசியில் 'ஓ'. மட – மடோ (குடித்தேன், குடித்தாய், குடித்தான் எல்லாம் இதுவே).

3. நடக்கப்போவது என்றால் கடைசியில் 'ஏ'. மட – மடே.

4. 'இல்லை', 'கூடாது' என்பதற்கு முன்னால் 'மு'. முமட – குடிக்காதே.

வினைச்சொல் எங்கே வரும் என்று மட்டும் சண்டையே வரவில்லை. தமிழிலும் இந்தியிலும் அது வழக்கமாக வாக்கியத்தின் கடைசியில்தானே வருகிறது!

மறுநாள் பூங்காவில் எல்லோரும் இந்த மொழியில் பேசினோம். எல்லோருமே திணறினோம், எல்லோருமே தப்பு செய்தோம். இந்த மொழியில் முதல் மார்க் வாங்கினவன் யாரும் இல்லை, பின்தங்கினவனும் யாரும் இல்லை. அன்றைக்குத்தான் அந்தப் பையன் எங்களோடு சேர்ந்து வயிறு குலுங்கச் சிரித்தான்.

பலகையைப் பார்த்த சிறுவன்

எங்களுக்கு வந்த அதே யோசனை, எங்களுக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு சிறுவனுக்கு வந்திருக்கிறது. அவர் பெயர் லுட்விக் சாமன்ஹாஃப். 1859-ல் பியாலிஸ்டோக் என்ற ஊரில் பிறந்தார். அப்போது ரஷ்யப் பேரரசில் இருந்த அந்த ஊர் இன்று போலந்து நாட்டில் இருக்கிறது. அங்கே ரஷ்ய மொழி, போலிஷ், ஜெர்மன், யூதர்கள் பேசும் இத்திஷ் என்று நான்கு மொழிக்காரர்கள் வாழ்ந்தார்கள். ஒருவரை ஒருவர் நம்பவில்லை. தெருவில் சண்டை நடக்கும். 'எல்லோருக்கும் பொதுவாக, யாருக்கும் சொந்தமில்லாத ஒரு மொழி இருந்தால்?' என்று அந்தச் சிறுவன் யோசித்தார்.

யோசித்ததோடு நிற்காமல் சொற்களை உண்டாக்க ஆரம்பித்தார். சொற்கள் குவிந்துகொண்டே போயின. இத்தனையையும் யார் மனப்பாடம் செய்வது? மலைத்துப்போனார். ஒருநாள் தெருவில் பெயர்ப் பலகைகள் இரண்டைப் பார்த்தார். இரண்டு சொற்களும் ஒரே மாதிரி முடிந்தன. உடனே மனதில் விளக்கு எரிந்தது. ஒரே ஒரு வால் இருந்தால் போதும், பல சொற்களை உண்டாக்கலாமே!

நம் தமிழிலும் இது இருக்கிறது. பால்காரர், பூக்காரர், தபால்காரர், வண்டிக்காரர்... 'காரர்' என்ற வால் ஒன்றுதான், எத்தனை பேரைக் கொடுக்கிறது பாருங்கள்!

சாமன்ஹாஃப் பிறகு கண் மருத்துவர் ஆனார். 1887-ல் தன் மொழியைப் பற்றி ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். தன் சொந்தப் பெயரைப் போடாமல் 'டாக்டர் எஸ்பெராண்டோ' என்று போட்டுக்கொண்டார். அதற்கு 'நம்பிக்கையோடு இருப்பவர்' என்று பொருள். அந்தப் பெயரே மொழிக்கும் நிலைத்துவிட்டது. இலக்கண விதிகள் மொத்தம் 16. விதிவிலக்கே இல்லை என்பது அவருடைய பெருமை.

எஸ்பெராண்டோவில் 'லெர்னி' என்றால் கற்றல். 'ஏயோ' என்ற வால் இடத்தைக் குறிக்கும். ஆகவே 'லெர்னேயோ' என்றால் பள்ளிக்கூடம். 'குயிரி' என்றால் சமைத்தல். அப்படியானால் 'குயிரேயோ'? ஆமாம், சமையலறை! 'போனா' என்றால் நல்ல. முன்னால் 'மல்' சேர்த்தால் எதிர்ச்சொல். 'மல்போனா' என்றால் கெட்ட. 'கிராண்டா' என்றால் பெரிய. 'மல்கிராண்டா' என்றால்... நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

1905-ல் பிரான்ஸ் நாட்டில் எஸ்பெராண்டோ பேசுபவர்களின் முதல் உலக மாநாடு நடந்தது. 688 பேர் வந்தார்கள். வெவ்வேறு நாட்டுக்காரர்கள், நடுவில் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பேசிக்கொண்டார்கள்! இந்த மொழியை உலகம் முழுவதும் இன்றும் பேசுகிறார்கள். இந்த மொழி தன் சொந்தச் சொத்து இல்லை, எல்லோருக்கும் பொது என்று சாமன்ஹாஃப் அறிவித்துவிட்டார்.

நம்ம ஊர் 'கிளிக்கி'

"வெளிநாட்டுக் கதை எதற்கு? நம்மவர் யாரும் செய்யவில்லையா?" என்று கேட்பீர்கள். செய்திருக்கிறார்களே! 2015-ல் வந்த 'பாகுபலி' படம் பார்த்தீர்களா? அதில் காலகேயர்களின் தலைவன் கண்ணை உருட்டிக்கொண்டு, நாக்கைச் சொடுக்கிச் சொடுக்கி ஏதோ பேசுவானே, ஞாபகம் இருக்கிறதா? அவன் வாய்க்கு வந்ததை உளறவில்லை. அது 'கிளிக்கி' என்ற மொழி. அதை உருவாக்கியவர் திரைப்படப் பாடலாசிரியர் மதன் கார்க்கி.

மதன் கார்க்கி கணினித் துறையில் முனைவர் பட்டத்துக்காக ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் படித்தவர். அங்கே படிக்கும்போது, குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு சொல்லிக்கொடுக்கும் பகுதி நேர வேலையும் செய்தார். 'விளையாட்டாக ஒரு புது மொழி செய்தால் என்ன?' என்று தோன்றியது. சுமார் 100 சொற்களோடு ஒரு மொழி தயாரானது. அதற்கு 'கிளிக்' என்று பெயர். குழந்தைகள் அதில் பேசி மகிழ்ந்தார்கள்.

பல ஆண்டுகள் கழித்து, இயக்குநர் ராஜமௌலி தன் படத்தில் வரும் கொடூரமான ஒரு கூட்டத்துக்குத் தனி மொழி வேண்டும் என்றார். கேட்டாலே பயம் வர வேண்டும்! கார்க்கிக்கு அந்த விளையாட்டு மொழி கைகொடுத்தது. அதை வளர்த்து, சுமார் 750 சொற்களும் 40 இலக்கண விதிகளும் கொண்ட கிளிக்கியை உருவாக்கினார். படத்தில் அதைப் பேசி நடித்தவர் நடிகர் பிரபாகர்.

கிளிக்கியில் ஒரு சுவையான தந்திரம் இருக்கிறது. 'மின்' என்றால் நான். அதைத் திருப்பிப் போட்டால் 'நிம்'. அதற்கு என்ன பொருள் தெரியுமா? நீ! எதிரெதிராக நிற்கும் இருவருக்கு, எதிரெதிராகத் திரும்பிய இரண்டு சொற்கள். இரண்டாவது சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

கிளிக்கிக்குத் தனி எழுத்துகளும் உண்டு. 2020 பிப்ரவரி 21 அன்று அந்த மொழிக்கான இணையதளம் தொடங்கி வைக்கப்பட்டது. அது என்ன நாள் தெரியுமா? உலகத் தாய்மொழி நாள்!

குழந்தைகளோடு விளையாடச் செய்த மொழி, கோடிக்கணக்கான பேர் பார்த்த படத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. விளையாட்டு என்று எதையும் லேசாக நினைத்துவிடாதீர்கள்!

கழுதைக்கு நாற்பது!

'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையை எழுதிய இங்கிலாந்து எழுத்தாளர் டோல்கீனும் இந்தப் பைத்தியம் பிடித்தவர்தான். அவர் சிறுவனாக இருந்தபோது, அவருடைய உறவினர் வீட்டுப் பெண்கள் இருவர் விலங்குகள், பறவைகளின் பெயர்களை வைத்தே ஒரு மொழி பேசினார்கள். அதில் 'நாற்பது' என்றால் கழுதை. 'கழுதை' என்றால் நாற்பது! டோல்கீனும் அதைக் கற்றுக்கொண்டார். வளர்ந்த பிறகும் அவர் விடவில்லை. தேவதை போன்ற 'எல்ஃப்' மக்களுக்காக இனிமையான மொழிகளை வருடக்கணக்கில் செதுக்கினார். அந்த மொழிகளைப் பேச ஓர் உலகம் வேண்டுமே! அதற்காகவே கதைகளை எழுதினார்.

மொழியோடு எழுத்தையும் உருவாக்க ஆசையா? ஒடிசாவின் மயூர்பஞ்சில் பிறந்த ரகுநாத் முர்முவை நினைத்துக்கொள்ளுங்கள். அவருடைய தாய்மொழி சந்தாலி. அதைப் பிற மொழி எழுத்துகளில்தான் எழுதிவந்தார்கள். தங்கள் மொழிக்கென்று தனி எழுத்து வேண்டும் என்று அவர் விரும்பினார். 1925-ல் 'ஓல் சிக்கி' என்ற எழுத்துகளை உருவாக்கினார். இன்று அந்த எழுத்தில் புத்தகங்கள் வருகின்றன. 2003-ல் சந்தாலி, நம் அரசியலமைப்புச் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் இடம்பெற்றது.

நீங்களும் செய்யலாம்!

வேண்டியவை: ஒரு நோட்டு, ஒரு பென்சில், ஒரு நண்பர். நண்பர் கட்டாயம் வேண்டும். தனியாகச் செய்தால் சொற்பட்டியல்தான் கிடைக்கும். இரண்டு பேர் பேசினால்தான் எது கடினம், எது குழப்பம், எந்தச் சொல் இல்லை என்பது தெரியும்.

முதலில் சத்தங்களைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் மொழி இனிமையாக இருக்க வேண்டுமா, முரட்டுத்தனமாக இருக்க வேண்டுமா? ல, ம, ன, ய நிறைய வந்தால் தாலாட்டு போல இருக்கும். ட, க, ற நிறைய வந்தால் காலகேயன் போல இருக்கும்!

அடுத்து, 20 சொற்கள் மட்டும் செய்யுங்கள். நான், நீ, அம்மா, தண்ணீர், சாப்பிடு, வா, போ, நாய், வீடு... தினமும் சொல்லும் சொற்களாக இருக்கட்டும். முதல் நாளே 'விண்வெளி ஓடம்' வேண்டாம்.

பிறகு நான்கு விதிகள்: பன்மைக்கு ஒன்று, நேற்றுக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று, 'இல்லை'க்கு ஒன்று.

கடைசியாக, ஐந்து வாக்கியங்கள் பேசிப் பாருங்கள். எங்கே முட்டுகிறதோ அங்கே திருத்துங்கள்.

இதைச் செய்யும்போது உங்களுக்கே தெரியாமல் ஒன்று நடக்கும். பெயர்ச்சொல், வினைச்சொல், காலம், ஒருமை, பன்மை என்று வகுப்பில் கொட்டாவி விட்டுக்கொண்டு கேட்டதெல்லாம் 'அட, இது இதற்குத்தானா!' என்று புரிந்துவிடும். நான் இலக்கணத்தில் பாஸ் ஆனதே அந்தப் பழைய நோட்டால்தான்!

ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் மொழியைப் பேசும்போது, ஓரமாக ஒரு பையனோ பெண்ணோ நின்று கேட்டுக்கொண்டிருந்தால், அவர்களுக்கும் முதல் சொல்லைக் கற்றுக்கொடுங்கள். ரகசியம் போய்விடுமே என்கிறீர்களா? போகட்டும், உங்கள் மொழி பேச இன்னொருவர் கிடைத்துவிடுவாரே!

ரயில் நிலையத்தில்...

அந்தப் பையன் என்ன ஆனான்? ஒன்றரை வருடம் எங்களோடு இருந்தான். எங்கள் மொழியில் ஆரம்பித்து, மெல்ல மெல்லத் தமிழும் நன்றாகப் பேசக் கற்றுக்கொண்டான். நானும் கொஞ்சம் இந்தி கற்றுக்கொண்டேன். பிறகு அவன் அப்பாவுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது.

வழியனுப்ப விருத்தாசலம் ரயில் நிலையத்துக்குப் போனோம். ரயில் கிளம்பியபோதுதான் ஒன்று உறைத்தது. எங்கள் நோட்டில் பூ இருந்தது, நட்சத்திரம் இருந்தது, முறுக்குகூட இருந்தது. பிரியும்போது சொல்ல ஒரு சொல்லை நாங்கள் செய்யவே இல்லை! என்ன சொல்வதென்று தெரியாமல், ரயிலைப் பார்த்து நான் கத்தினேன்:

"தட, முவிறு! தட, முவிறு!"

ரயிலே, நடக்காதே!

அவன் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினான். "போயிட்டு வரேன்டா!" என்று சுத்தமான தமிழில் கத்தினான்.

அந்த நோட்டு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஆனால் அந்தச் சொற்கள் இன்னும் எனக்கு மறக்கவில்லை. இப்போது உங்களுக்கும் தெரிந்துவிட்டது. ஆக, அந்த மொழி பேசுபவர்கள் கூடிவிட்டார்கள்!

சொல்லுங்கள் பார்க்கலாம்!

மேலே உள்ள சொற்களையும் விதிகளையும் வைத்து இவற்றுக்குப் பொருள் கண்டுபிடியுங்கள்:

1. இமி சல மடோ.
2. படபட கலோ.
3. அமி விறே.
4. இமி முகலே.
5. இமி மொறுமொறு முமடோ.

விடைகள்: 1. நான் தண்ணீர் குடித்தேன். 2. பறவைகள் சிரித்தன. 3. நீ நடப்பாய். 4. நான் சிரிக்க மாட்டேன். 5. நான் முறுக்குகளைக் குடிக்கவில்லை. (பின்னே, முறுக்கை யாராவது குடிப்பார்களா?)